லினக்ஸ் மாற்றப் போறீங்களா? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும் வேண்டாம்!

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய மடிக்கணினி ஏதாவது தூங்கிக்கொண்டிருக்கிறதா? தூக்கிப் போட மனசு வராது. திறந்து வேலை பார்க்கப் பொறுமையும் இருக்காது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் அது நடக்காது. இந்தக் கட்டத்தில் தெரிந்தவர் யாராவது ஒருவர் சொல்வார்: "லினக்ஸ் போட்டுடுங்க, இலவசம், சும்மா பறக்கும்!"

அவர் சொல்வது சரிதான். இணையச் சேவைகளுக்கு அது தாராளமாகப் போதும். பட்டா-சிட்டா பார்ப்பது, இ-சேவைத் தளத்தில் விண்ணப்பிப்பது, டிஜிலாக்கரில் சான்றிதழ் எடுப்பது எல்லாமே பிரவுசரில் நடக்கிற வேலை. பிரவுசர் மட்டும் புதியதாக இருந்தால், அடியில் எந்த இயங்குதளம் ஓடுகிறது என்பது பெரிய விஷயமில்லை.

ஆனால் அவர் சொல்லாமல் விட்ட இன்னொரு பாதி இருக்கிறது. லினக்சை முதல்முறை ஏற்றுவதில் பெரிய சிரமம் இல்லை. சில வருஷம் கழித்து அதையே அடுத்த பதிப்புக்கு உயர்த்தும்போதும், ஒரு லினக்சிலிருந்து இன்னொரு லினக்சுக்குத் தாவும்போதும்தான் பலருக்குத் தலைவலி ஆரம்பிக்கிறது. "நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு?" என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. அந்தக் கேள்வியை நான் நேரிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டவள். அதனால் அதிலிருந்தே சொல்கிறேன்.

மாமாவின் திங்கட்கிழமை

திருவண்ணாமலையில் என் மாமா ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நகல் எடுப்பது, மனு டைப் அடிப்பது, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது இவைதான் வேலை. கடைக் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ். அது அவர் கைக்கு வந்த கதையே தனி. 2008 வாக்கில் உபுண்டுவை உருவாக்கும் கேனானிக்கல் நிறுவனம், கேட்பவர்களுக்கெல்லாம் குறுந்தட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தது. 2011 வரை அந்தத் திட்டம் ஓடியது. "ஒரு பைசா வாங்காம வெளிநாட்டிலிருந்து எனக்குப் பார்சல் அனுப்பினான்" என்று இன்றைக்கும் மாமா சொல்வார். அந்த அட்டை உறை இப்போதும் கடை மேசை டிராயரில் இருக்கிறது.

2019-இல் நான் கல்லூரியில் இதழியல் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவின் கணினியில் இருந்தது உபுண்டு 14.04. அந்தப் பதிப்புக்கான பொது ஆதரவு அந்த ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அதாவது, இனிமேல் அதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைப்பு வராது. கடைக்கு வருபவர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம், பையன்களின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் அந்தக் கணினி வழியாகத்தான் போகின்றன. "மாமா, மாத்தியே ஆகணும்" என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடை மூடிய பிறகு ஆரம்பித்தேன். 14.04-இலிருந்து நேராக 18.04-க்குத் தாவ முடியாது, முதலில் 16.04, பிறகு 18.04 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். முதல் படி நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது படி பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. கடை யுபிஎஸ்சின் பேட்டரி கிழட்டுப் பேட்டரி. பத்து நிமிஷத்தில் அதுவும் கையை விரித்துவிட்டது. திரும்ப ஆன் செய்தபோது கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும்தான். விடியற்காலை இரண்டு மணிக்கு வேறு வழியில்லாமல், ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு 18.04-ஐப் புதிதாகவே நிறுவினேன். மாமாவின் கோப்புகளை முன்னாடியே பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். அதுவரைக்கும் புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மாமா கடைக்கு வாரத்தில் அதிகக் கூட்டம் வரும் காலை அதுதான்.

முதலில் வந்தவர் ஒரு பாட்டி. முதியோர் உதவித்தொகைக்காக முன்பு கொடுத்த மனுவையே தேதி மாற்றி எடுத்துத் தரச் சொன்னார். கோப்பு இருந்தது. திறந்தால், வரிவரியாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். மாமா பல வருஷமாக டைப் அடித்தது பாமினி எழுத்துருவில். நான் கோப்புகளை எடுத்தேனே தவிர, எழுத்துருவை எடுக்கவில்லை. சரி, புதிதாக டைப் அடிக்கலாம் என்றால் தமிழ் விசைப்பலகை பட்டியலிலேயே இல்லை. பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டர் வாயே திறக்கவில்லை. ஜன்னலை மூட மாமாவின் கை இடது மூலைக்குப் போகிறது. மூடும் பொத்தானோ வலது மூலைக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

"ஏம்மா, நல்லா ஓடிக்கிட்டிருந்ததைக் கை வெச்சுக் கெடுத்துட்டியே" என்றார் மாமா. அதற்கு மேல் திட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பாட்டியை உட்கார வைத்து, மனுவைக் கையாலேயே எழுதத் தொடங்கினார். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

என்னதான் நடந்தது?

இதைப் புரிந்துகொள்ள, லினக்ஸ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். லினக்ஸ் என்பது உண்மையில் நடுவில் இருக்கும் கருநிரல் மட்டும்தான். பின்லாந்து மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதைத் தொடங்கினார். அந்தக் கருநிரலோடு, நாம் கண்ணால் பார்க்கும் திரை முகப்பு, பிரவுசர், அலுவலகச் செயலிகள், டிரைவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று சோதித்துத் தருவதுதான் 'வழங்கல்'. பேச்சு வழக்கில் டிஸ்ட்ரோ. டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா எல்லாம் வழங்கல்கள். சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவாகி 2007-இல் வெளிவந்த நம் 'பாஸ்' லினக்சும் அப்படித்தான்; அது டெபியனை அடித்தளமாகக் கொண்டது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுக்கப்பட்ட கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தது பலருக்கு நினைவிருக்கும். (எங்கள் வகுப்பில் பலர் அதை ஒருமுறைகூடத் திறக்காமல், இடம் போதவில்லை என்று அழித்தார்கள். நானும் அதில் ஒருத்திதான்.)

ஆக, உங்கள் கணினியில் மூன்று வகையான பொருட்கள் கலந்து கிடக்கின்றன. வழங்கல் கொடுத்தவை ஒன்று. வெளியிலிருந்து நீங்கள் கொண்டுவந்து சேர்த்தவை இன்னொன்று: எழுத்துரு, பிரிண்டர் டிரைவர், வேறு களஞ்சியங்களிலிருந்து எடுத்த செயலிகள். மூன்றாவது, உங்கள் சொந்தக் கோப்புகளும் பழக்கங்களும். பதிப்பு உயரும்போது வழங்கல் பொறுப்பேற்பது முதல் வகைக்கு மட்டும்தான். இரண்டாவது வகையை அது ஒதுக்கி வைக்கும். உபுண்டுவில் பதிப்பு உயர்த்தும்போது, வெளிக் களஞ்சியங்களை அந்தக் கருவியே அணைத்துவிடும். அது குறையில்லை, தெரியாத சரக்கோடு மோதாமல் இருக்கச் செய்கிற முன்னெச்சரிக்கை. ஆனால் பயன்படுத்துகிறவருக்கு, "நேத்து இருந்த சாமான் இன்னைக்குக் காணோம்" என்றுதான் தெரியும்.

பிரிண்டர் விஷயமும் இதே கதைதான். சில லேசர் பிரிண்டர்களுக்கு, பொதுவான டிரைவரோடு நிறுவனம் தனியாகத் தரும் ஒரு சின்னச் செருகு நிரலும் வேண்டும். டிரைவரின் பதிப்பும் அந்தச் செருகு நிரலின் பதிப்பும் ஒன்றாக இருந்தால்தான் பிரிண்டர் அசையும். லினக்ஸ் பதிப்பு மாறினால் டிரைவர் பதிப்பும் மாறும்; செருகு நிரலை மறுபடி இறக்கிப் போட வேண்டும். இது தெரிந்தவருக்கு ஐந்து நிமிஷ வேலை. தெரியாத எனக்கு ஒரு நாள் முழுக்கப் போனது.

எழுத்துரு இன்னும் ஆழமான பிரச்சினை. பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பில் உண்மையில் தமிழ் எழுத்தே இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறியீடுகள். மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். போர்வையை எடுத்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஒருங்குறியில் அடித்த கோப்புக்கு இந்தக் கதி வராது. அதில் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொரு தமிழ் எழுத்துருவில் காட்டும், வாசகம் கெடாது. ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. உங்களிடம் பழைய எழுத்துருவில் கோப்புகள் இருந்தால், கணினி நல்லபடியாக ஓடும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். இணையத்தில் அதற்கான மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பிடிவாதம் எதன் மேல்?

அந்த வாரம் முழுக்க மாமா அதிகம் கோபப்பட்டது பிரிண்டருக்காகவும் இல்லை, எழுத்துருவுக்காகவும் இல்லை. ஜன்னல் பொத்தான் இடம் மாறியதற்காக! முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நூறு தடவை கை போகிற இடம் அது. வீட்டில் உப்பு ஜாடியை யாராவது இடம் மாற்றி வைத்தால் அம்மா சும்மா விடுவாரா?

இந்தக் கோபத்துக்குப் பெரிய வரலாறே உண்டு. 2011 ஏப்ரலில் இரண்டு விஷயங்கள் ஒரே மாதத்தில் நடந்தன. பல வழங்கல்களின் முகப்பாக இருந்த கினோம், தன் பழைய தோற்றத்தைத் தூக்கிப்போட்டு மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. உபுண்டுவோ 'யூனிட்டி' என்ற தன் சொந்த முகப்பைக் கொண்டுவந்தது. பழைய மெனுவுக்குப் பழகியிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். பலர் உபுண்டுவை விட்டு லினக்ஸ் மின்ட்டுக்குப் போனார்கள். பழைய கினோமை அப்படியே உயிரோடு வைத்திருக்க 'மாட்டே' என்ற முகப்பு பிறந்தது. மின்ட் குழுவினர் 'சின்னமன்' என்ற முகப்பை உருவாக்கினார்கள். இது ஒரு பக்கம். ஆறு வருஷம் கழித்து, 2017-இல், யூனிட்டியைக் கைவிட்டுக் கினோமுக்கே திரும்புவதாக உபுண்டு அறிவித்தது. அதற்குள் யூனிட்டிக்குப் பழகிவிட்டிருந்த என் மாமா மாதிரி ஆட்களுக்கு, அது இரண்டாவது முறை வீடு மாறுவது போல!

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. "நான் உபுண்டு ஆளு", "எனக்கு மின்ட்தான்" என்று சொல்பவர்களில் பலருக்கு, உண்மையில் பாசம் வழங்கல் மேல் இல்லை, முகப்பின் மேல். லினக்சில் இந்த இரண்டையும் பிரிக்கலாம். மாட்டே முகப்பை டெபியனிலும் போடலாம், மின்ட்டிலும் போடலாம், உபுண்டுவிலும் போடலாம். அதனால் மாறுவதா வேண்டாமா என்று குழம்பும்போது, "எனக்குப் பிடித்தது இதில் எது?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். மெனு இருக்கும் இடமா? குறிப்பிட்ட ஒரு செயலியா? புதுசு வரும் வேகமா? சந்தேகம் கேட்டால் பதில் சொல்லும் நண்பரா? கடைசியில் சொன்னதைக் குறைவாக எடை போடாதீர்கள். பக்கத்துத் தெருவில் டெபியன் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், உங்களுக்கு நல்ல வழங்கல் டெபியன்தான்.

மாமாவின் பொத்தான் பிரச்சினைக்கு விடை, 'ட்வீக்ஸ்' என்ற சின்னச் செயலியில் ஒரே ஒரு தேர்வு. இடது என்று மாற்றினால் முடிந்தது. அதை நான் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது, அது வேறு விஷயம்.

காலாவதித் தேதி

மருந்து வாங்கினால் அட்டையைத் திருப்பித் தேதி பார்க்கிறோம். இயங்குதளத்துக்கும் தேதி உண்டு, பார்ப்பவர்கள்தான் குறைவு. உபுண்டுவில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில், நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும். அதற்கு ஐந்து வருஷப் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. நடுவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற மற்ற பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம்தான் ஆயுள். "புதுசு" என்ற ஆசையில் அதைப் போட்டுவிட்டு அடுத்த வருஷமே அவதிப்படுபவர்கள் உண்டு. வீட்டுக்கும் கடைக்கும் நீண்டகாலப் பதிப்பே போதும். ஃபெடோரா ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடும். ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம் ஆதரவு. டெபியன் நிதானமான ஆள்: மூன்று வருஷம் முழு ஆதரவு, அதற்கு மேல் இரண்டு வருஷம் நீட்டிப்பு. ஆர்ச் மாதிரியான வழங்கல்களில் பதிப்பு என்பதே கிடையாது. தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருக்கும். விரும்பிக் கற்பவர்களுக்கு அது சரி. மனு டைப் அடிக்கிற கடைக்கு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு விவரம்: மாட்டே, சுபுண்டு, லுபுண்டு என உபுண்டுவுக்குச் சில துணை வழங்கல்கள் உண்டு. இவற்றின் நீண்டகாலப் பதிப்புகளில், முகப்பு சார்ந்த பகுதிகளுக்கு மூன்று வருஷ ஆதரவு மட்டுமே இருந்துவந்திருக்கிறது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் தேதியும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம்.

பழைய பதிப்பை விடவே மனமில்லை என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 'உபுண்டு ப்ரோ' என்ற சேவை, நீண்டகாலப் பதிப்புகளின் பாதுகாப்புப் புதுப்பிப்பைப் பத்து வருஷம் வரை நீட்டிக்கிறது. தனிநபருக்கு ஐந்து கணினி வரை இலவசம். ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கத் தெரிந்தால் போதும். ஒன்றுமே செய்யாமல் காலாவதியான பதிப்பில் ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். என்ன, பிரவுசர் மாதிரி வெளியிலிருந்து வருகிற செயலிகள் ஒரு கட்டத்தில் "உங்கள் இயங்குதளம் பழசு" என்று சொல்லிப் புதுப்பிப்பை நிறுத்திவிடும். இணையச் சேவைகளுக்காகவே கணினி வைத்திருப்பவர்கள் அந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் மாறத் தயாராகிவிடுவது நல்லது.

மிகப் பழைய, 32-பிட் பிராசசர் மட்டும் உள்ள கணினி என்றால் நிலைமை கொஞ்சம் கடினம். உபுண்டு அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இலும் 32-பிட் கணினிக்கான நிறுவி இல்லை.

சொன்ன சொல் மாறினால்

தேதியை வழங்கல்காரர்களே மாற்றிய கதையும் உண்டு. இது வீட்டுக் கணினிகளைப் பற்றியதல்ல, இணையதளங்களைத் தாங்கும் சர்வர்களைப் பற்றியது. ஆனால் விசுவாசம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சென்ட்ஓஎஸ் என்ற வழங்கலை உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் நம்பிப் பயன்படுத்தின. அதன் எட்டாம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று சொல்லியிருந்தார்கள். 2020 டிசம்பரில், அது 2021 கடைசியோடு முடிந்துவிடும் என்று அறிவிப்பு வந்தது. ஏழு வருஷத்துக்கும் மேலான ஆதரவு ஒரே நாளில் காணாமல் போனது!

பயனர்கள் சும்மா இருக்கவில்லை. சில மாதங்களிலேயே ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற இரண்டு மாற்று வழங்கல்கள் வந்துவிட்டன. ராக்கியைத் தொடங்கியவர் சென்ட்ஓஎஸ்சை நிறுவியவர்களில் ஒருவரான கிரெகரி குர்ட்சர். தன்னோடு சேர்ந்து உழைத்து மறைந்த ராக்கி மெக்காவின் பெயரையே அதற்கு வைத்தார். கட்டற்ற மென்பொருளில் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால்தான் இது முடிந்தது. ஒரு கதவை மூடினால், பக்கத்திலேயே இன்னொரு கதவு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நகரம், ஒரு மாநிலம்

ஒரு கடையிலேயே இவ்வளவு பாடு என்றால், ஒரு அரசு நிர்வாகமே மாறும்போது? ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2000-களின் நடுவில் 'லிமக்ஸ்' என்ற பெயரில் லினக்சுக்கு மாறத் தொடங்கியது. 2013 வாக்கில் சுமார் 15,000 கணினிகள் மாறிவிட்டன. ஆனால் வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் சரியாகத் திறக்கவில்லை என்பது போன்ற புகார்கள் ஓயவில்லை. 2017-இல் மாமன்றம் மறுபடி விண்டோசுக்கே திரும்ப வாக்களித்தது. 2020-இல் வந்த புதிய கூட்டணி, முடிந்த இடங்களில் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்றது. ஊழியர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள், தலை சுற்றாதா?

பக்கத்தில் இருக்கும் கேரளத்தில் கதை வேறு மாதிரி. அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியை அவர்கள் 2000-களிலேயே கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோனார்கள். ஆரம்பத்தில் டெபியன் அடிப்படை, பிறகு உபுண்டு அடிப்படை. அடித்தளமே மாறியும் பெரிய கூச்சல் இல்லை. அதற்கு என் கண்ணில் படும் காரணம், பாடத்துக்கு வேண்டிய செயலிகளைத் தங்கள் வழங்கலுக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். 'கைட்' என்ற அரசு நிறுவனம் இன்றும் அதைத் தொடர்கிறது. ஆசிரியருக்கு முன்னாடியே தெரிந்த மாற்றம், வகுப்பில் அதிர்ச்சியாக வந்து விழுவதில்லை. நான் மாமாவிடம் ஒரு நாள் முன்னாடி உட்கார்ந்து, "பொத்தான் இங்க இருக்காது, தமிழ் இப்படி மாத்தணும்" என்று காட்டியிருந்தாலே அந்தத் திங்கட்கிழமை பாதி தப்பித்திருக்கும்.

அடுத்த முறை எப்படிச் செய்தோம்

மாமாவின் 18.04-க்கு 2023 மே மாதத்தோடு கெடு முடிந்தது. இந்தத் தடவை ஒரு மாதம் முன்னாடியே ஆரம்பித்தோம். முதலில் லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்த்தோம். பெரும்பாலான வழங்கல்களில் இந்த வசதி உண்டு. இதில் பிரிண்டர் பேசுகிறதா, வைஃபை வருகிறதா, தமிழ்99 விசைப்பலகையில் அடிக்க முடிகிறதா என்று நிறுவுவதற்கு முன்பே தெரிந்துவிடும். நீங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கனோ விரல்ரேகைக் கருவியோ வைத்திருந்தால் அதையும் இப்போதே செருகிப் பாருங்கள். லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் அந்த ஒரு வேலைக்குப் பழைய ஏற்பாட்டையே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வீம்புக்கு மாறுவதில் அர்த்தமில்லை.

பிறகு, காப்பு நகல். கோப்புகள் மட்டுமில்லை: எழுத்துருக்கள், பிரவுசர் புக்மார்க்குகள், பிரிண்டரின் பெயரும் மாடலும், வைஃபை கடவுச்சொல் எல்லாம். ஒரு நகல் வெளி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று என் மடிக்கணினியில். நகல் எடுத்ததோடு விடாமல், வேறு கணினியில் திறந்து பார்த்தோம். 2019-இல் நான் செய்யத் தவறியது அதைத்தான். பாமினியில் இருந்த மனுக்களை எல்லாம் ஒருங்குறிக்கு மாற்றினோம். மாமா இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து பிழை பார்த்தார்.

நீங்கள் புதிதாக நிறுவாமல், இருக்கும் பதிப்பையே உயர்த்துவதாக இருந்தால் இரண்டு குறிப்பு. உபுண்டுவில் புது நீண்டகாலப் பதிப்பு ஏப்ரலில் வந்தாலும், பழைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு அழைப்பு வருவது சில மாதம் கழித்து, முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான். அதுவரை காத்திருங்கள், அவசரப்பட்டு வலுக்கட்டாயமாக ஏற்ற வேண்டாம். நடுவில், "இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா?" என்று கணினி கேட்கும். புரியவில்லை என்றால், இருப்பதை வைத்துக்கொள்ளச் சொல்வதே பொதுவாகப் பாதுகாப்பானது.

நாள் குறித்தது மாமாதான். வெள்ளிக்கிழமை ராத்திரி. சனி, ஞாயிறு இரண்டு நாள் சரிபார்க்கக் கையில் இருக்கும். யுபிஎஸ்சுக்குப் புது பேட்டரி வாங்கினார். இத்தனைக்கும், "உபுண்டுவை விட்டுப் போறோமே" என்று ஒரு நிமிஷம் அந்தப் பழைய அட்டை உறையை எடுத்துப் பார்த்தார். மின்ட்டும் உபுண்டுவின் அடித்தளத்தில் கட்டியதுதான் மாமா என்றேன். "அப்ப பங்காளி வீடுதானே" என்று உள்ளே வைத்துவிட்டார்.

மின்ட் 21 போட்டு முடித்ததும் முதல் வேலையாகப் பொத்தானை இடது பக்கம் வைத்துக் கொடுத்தேன். மானிட்டர் ஓரத்தில் மாமா ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் '2027 ஏப்ரல்' என்று எழுதியிருக்கிறார். போன மாதம் ஊருக்குப் போனபோது, "அடுத்தது எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று அவராகவே கேட்டார்.